மூங்கில் துண்டா, பருத்தித் துண்டா? கோத்தகிரி விடுதிக்கு ஒரு கொள்முதல்

கோத்தகிரியில் என் சித்தி மூன்று அறைகள் கொண்ட சிறிய தங்கும் விடுதி நடத்துகிறார். ஐப்பசி மழைக்கு நடுவில் போன் வந்தது. "கண்ணு, ரூமுக்குப் போடற துண்டெல்லாம் நைஞ்சு போச்சு. ஒருத்தர் வந்து மூங்கில் துண்டுன்னு ரெண்டு சாம்பிள் கொடுத்துட்டுப் போயிருக்காரு. பருத்தி தண்ணியக் குடிக்குமாம், மூங்கில்னா பூமிக்கு நல்லதாம். நீ துணித் தொழில்லதானே இருந்தே, வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போ."

வாங்க வேண்டியது மூன்று டஜன். இதற்கு ஓர் ஆய்வு தேவையா என்று கேட்டால், தேவையில்லைதான். ஆனால் கரூரில் ஏற்றுமதித் துணிகளுக்குத் தரம் பார்க்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தவனுக்கு, 'மூங்கில்' என்று அச்சடித்த அட்டையைப் பார்த்ததும் கை சும்மா இருக்காது.

அட்டையில் பச்சை இலை, ஒரு பாண்டா கரடி, '100% இயற்கை', 'கிருமிகளைக் கொல்லும்', 'ரசாயனம் இல்லை'. துண்டின் ஓரத்தில் தைத்திருந்த சின்னப் பட்டையில் மட்டும் வேறு கணக்கு: மூங்கில் 70, பருத்தி 30. நூறு எங்கே போனது என்பது சித்திக்குப் புரியவில்லை. அது எளிது. தேங்காய்ப்பூத் துண்டில் மூன்று வகை நூல் ஓடும். துணியைத் தாங்கிப் பிடிக்கும் அடிப்பாவு, சுருள் சுருளாக மேலே எழும் பாவு, குறுக்கே போகும் ஊடை. மூங்கில் துண்டு என்று விற்பவற்றில் பெரும்பாலும் சுருள் மட்டும்தான் மூங்கில் வழி வந்த நூல். அடிப்பாவும் ஊடையும் பருத்தி. முழுக்க அந்த நூலிலேயே நெய்தால் ஈரத்தில் துண்டு நிற்காது.

ஏன் நிற்காது என்பதைச் சித்தியின் சமையல் மேடையிலேயே காட்டினேன். மூங்கில் துண்டிலிருந்து ஒரு சுருள் நூலை உருவி, நடுவில் மட்டும் விரலால் தண்ணீர் தொட்டு, இரண்டு முனையையும் பிடித்து இழுத்தேன். நனைத்த இடத்தில் 'பட்'டென்று அறுந்தது. பழைய பருத்தித் துண்டிலும் ஒரு நூலை உருவி அதே மாதிரி செய்தேன். அது நனையாத இடத்தில் அறுந்தது. நனைந்தால் பருத்தி இழைக்குப் பலம் கூடும். கூழைக் கரைத்து எடுக்கும் ரேயான் இழைக்கு ஏறத்தாழ பாதியாகக் குறையும்; இந்த மூங்கில் நூலும் ரேயான் வகைதான். ஆய்வகம் இல்லாத இடத்தில் துணிக்காரர்கள் இதைத்தான் செய்து பார்ப்பார்கள். கொளுத்திப் பார்த்துப் பயன் இல்லை. இரண்டுமே செல்லுலோஸ் என்ற தாவரப் பொருள், இரண்டுமே காகிதம் எரிகிற வாசனைதான் அடிக்கும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் மட்டும் உருகி உருண்டையாகும்.

"அப்ப இது மூங்கில் இல்லையா?" என்றார் சித்தி.

மூங்கிலில் இருந்து வந்ததுதான் சித்தி. வந்த வழிதான் கேள்வி.

அமெரிக்காவில் நடந்த வழக்கு

இந்தக் கேள்வி ஏற்கெனவே சட்டத்தின் முன் போய் வந்துவிட்டது. அமெரிக்காவில் துணி இழைகளின் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று 1958இலிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. அதன்படி 2009 ஆகஸ்டில் அந்நாட்டுக் கூட்டாட்சி வணிக ஆணையம் நான்கு விற்பனையாளர்கள் மீது நடவடிக்கை எடுத்தது. இவர்கள் மூங்கில் என்று விற்றது ரேயான். செய்முறை பசுமையானது என்பதும், மூங்கிலின் கிருமி எதிர்ப்புக் குணம் துணியில் தங்கியிருக்கிறது என்பதும் ஆதாரமற்றவை என்பது குற்றச்சாட்டு. 2010 ஜனவரியில் 78 சில்லறை விற்பனை நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது.

கடிதத்துக்குப் பிறகும் பலர் மாறவில்லை. 2013இல் அமேசான், மேசிஸ், சியர்ஸ், லியோன் மேக்ஸ் ஆகிய நான்கும் சேர்ந்து 12.6 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. 2015இல் இன்னும் நான்கு நிறுவனங்கள், 13 லட்சம் டாலர். 2022 ஏப்ரலில் வால்மார்ட் 30 லட்சம், கோல்ஸ் 25 லட்சம். பதின்மூன்று வருடங்களாக ஒரே வார்த்தைக்காக நடவடிக்கை, எச்சரிக்கை, அபராதம் என்று தொடர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. அந்த வார்த்தைக்கு அவ்வளவு விற்பனைச் சக்தி.

ஆணையம் சொன்ன விதி சிக்கலானதல்ல. மூங்கில் தண்டை நசுக்கி, ஊறவைத்து, நாரைப் பிரித்து நூற்றால் அதை மூங்கில் என்றே சொல்லலாம். அப்படிப்பட்ட துணி சணலைப் போல முரடாக இருக்கும், விலையும் அதிகம். துண்டுக்கு யாரும் போடுவதில்லை. கரைத்து எடுத்த இழையை 'மூங்கிலில் இருந்து செய்த ரேயான்' அல்லது 'விஸ்கோஸ்' என்றுதான் எழுத வேண்டும். மெத்தென்று வழுக்கும் துண்டு எல்லாம் இந்த இரண்டாவது வகை. கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும்: எந்த நாரும் இவ்வளவு பட்டாக இருக்காது.

கரைத்து எடுப்பது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன், விஷயமே அதில்தான் இருக்கிறது. மூங்கிலைக் கூழாக்கி, அந்தக் கூழைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைப்பார்கள். பிழிந்து, உதிர்த்து, சில மணி நேரம் பழுக்கவிட்டு, கார்பன் டைசல்பைடு சேர்ப்பார்கள். ஒரு கிலோ செல்லுலோஸுக்குச் சுமார் 300 கிராம். கூழ் ஆரஞ்சு நிறத்துக்கு மாறும். அதை மறுபடியும் காஸ்டிக்கில் கரைத்தால் தேன் மாதிரி ஒரு குழம்பு. அதை நுண்ணிய துளைகள் வழியாகக் கந்தக அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சினால், தொட்டியிலேயே இழையாக உறைந்துவிடும். 1892இல் இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் என்ற மூவர் காப்புரிமை வாங்கிய செய்முறை இது. அடிப்படை இன்றும் மாறவில்லை. உள்ளே போவது மூங்கிலோ, தைலமரமோ, பஞ்சுக் கழிவோ, வெளியே வருவது ஒரே இழை. மூங்கிலில் கிருமியைக் கொல்லும் பொருள் ஏதாவது இருந்தாலும் இத்தனை காஸ்டிக்கையும் அமிலத்தையும் தாண்டி அது உயிரோடு வர வேண்டும்.

கார்பன் டைசல்பைடு நரம்பையும் இதயத்தையும் தாக்கும் நஞ்சு. தென் கொரியாவில் வோன்ஜின் ரேயான் ஆலையில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் அதனால் நிரந்தர நோயாளிகள் ஆனார்கள்; ஆலை 1993இல் மூடப்பட்டது.

சாலியாறும் பவானியும்

மூங்கில் துண்டைப் புதுப் பொருள் என்று விற்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அது பழைய கதை. கோழிக்கோடு மாவட்டம் மாவூரில், சாலியாற்றின் கரையில், பிர்லா குழுமத்தின் குவாலியர் ரேயான்ஸ் ஆலை 1960களின் தொடக்கத்தில் ஓட ஆரம்பித்தது. மூலப்பொருள் மூங்கில். நிலம்பூர் பக்கத்துக் காடுகளில் இருந்து கேரள அரசு டன்னுக்கு ஒரு ரூபாய் என்று கொடுத்தது. டன்னுக்கு ஒரு ரூபாய்! கூடை முடைகிறவருக்கு அந்த விலையில் ஒரு கழிகூடக் கிடைத்திருக்காது. மூங்கில் வேகமாக வளரும், வெட்ட வெட்டத் துளிர்க்கும் என்பதெல்லாம் அன்றைக்கும் உண்மைதான். ஆலையின் வேகத்துக்கு அது வளரவில்லை. மூங்கில் குறையக் குறையத் தைலமரத் தோட்டங்கள் வந்தன.

ஆற்றுக்கு வந்தது கழிவு. மீன்கள் செத்து மிதந்தன. கரையோரத்து வாழக்காடு பகுதியில் புற்றுநோய் அதிகம் என்று மக்கள் பல வருடங்கள் போராடினார்கள். அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர் வாழக்காடு ஊராட்சித் தலைவராக இருந்த கே.ஏ. ரஹ்மான், 1999 ஜனவரியில் அவரும் புற்றுநோயால்தான் இறந்தார். 2001இல் ஆலை நிரந்தரமாக மூடப்பட்டது. இடையில் 1985இலிருந்து 1988 வரை தொழில் தகராறில் ஆலை மூடிக் கிடந்தபோது பட்டினியில் தற்கொலை செய்துகொண்ட தொழிலாளர்களும் உண்டு. அந்த ஊருக்கு ஆலை ஓடினாலும் துன்பம், நின்றாலும் துன்பம்.

நம் பக்கம் சிறுமுகை. பவானிக் கரையில் இருந்த சவுத் இந்தியா விஸ்கோஸ் ஆலைக்கு மூங்கில் போகவில்லை. நீலகிரியின் சீகை மரமும் தைலமரமும் போயின. சித்தி வீட்டுக்கு எதிர் மேட்டில் இன்றும் சீகை மரக்கூட்டம் நிற்கிறது. ஒரு காலத்தில் அந்த மேடெல்லாம் புல்வெளி. சோலைக்காட்டுக்கும் புல்வெளிக்கும் நடுவே இப்படிப்பட்ட மரங்களைக் கொண்டுவந்து நட்டதற்குத் தோல் பதனிடும் தொழில் ஒரு காரணம், ரேயான் கூழ் இன்னொரு காரணம். ஆலைக்கழிவு பவானியில் கலந்து கீழே பவானிசாகர் அணைக்குப் போனது. உழவர்களும் மீனவர்களும் எழுப்பிய எதிர்ப்பும் நீதிமன்ற வழக்குகளும் சேர்ந்து, 1990களின் பிற்பகுதியில் ஆலை அடங்கியது.

இன்றைய ஆலைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன என்று நான் சொல்லவில்லை. கார்பன் டைசல்பைடைப் பிடித்து மறுபடியும் பயன்படுத்தும் ஏற்பாடு நல்ல ஆலைகளில் உண்டு. லையோசெல் என்ற வேறு முறையும் இருக்கிறது. அதில் கார்பன் டைசல்பைடே கிடையாது, கரைப்பானில் 99 விழுக்காட்டுக்கு மேல் திரும்ப எடுத்துவிடலாம். மூங்கில் லையோசெல் என்று எழுதியிருந்தால் என் கருத்து பாதி மாறியிருக்கும். ஆனால் துண்டு வாங்குபவருக்கு எந்த ஆலை, எந்த முறை என்பது தெரிய வேண்டுமே. விற்பனையாளரைப் போனில் பிடித்துக் கேட்டேன், விஸ்கோஸா லையோசெல்லா என்று. "சார், இது பியூர் மூங்கில் சார். நேச்சுரல்." நூல் எந்த ஊரில் இருந்து வருகிறது? "இம்போர்டட் சார்." அவ்வளவுதான் தகவல்.

பருத்தி மட்டும் யோக்கியமா

இதுவரை படித்தவர்கள் நான் பருத்திக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்கலாம். பருத்தியின் கணக்கையும் பார்ப்போம்.

தண்ணீரைப் பற்றி அந்த விற்பனையாளர் சொன்னது பொய் இல்லை. ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலகச் சராசரியாகச் சுமார் 10,000 லிட்டர் என்பது நீர்த்தடக் கணக்கு. அதில் பாதிக்கு மேல் நிலத்தில் விழுகிற மழைநீர் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. இந்தியப் பருத்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மானாவாரி. விருதுநகர், தூத்துக்குடிக் கரிசலில் மழையை நம்பி விளையும் பருத்திக்கும், வாய்க்கால் வெட்டி ஏரல் கடலையே வற்றவைத்த மத்திய ஆசியப் பருத்திக்கும் ஒரே எண்ணை ஒட்டுவது நியாயம் இல்லை. இதைச் சொல்லிவிட்டு, கரிசலில் கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தி இன்று எத்தனை ஏக்கரில் இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். அதன் குட்டை இழை மில்லுக்குப் பிடிக்காது.

பூச்சிமருந்து இன்னும் மோசம். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடிக்கப் போன உழவர்களும் கூலியாட்களும் இருபது பேருக்கு மேல் நச்சேறி இறந்தார்கள். மூங்கிலுக்கு இந்தப் பாவம் இல்லை. மருந்து வேண்டாம், உரம் பெரிதாக வேண்டாம், வருடாவருடம் உழ வேண்டாம், வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். வயலோடு கணக்கு முடிந்தால் மூங்கில்தான் ஜெயிக்கும், சந்தேகமே இல்லை.

வயலோடு முடியாது என்பதுதான் சிக்கல். பருத்திக்கும் சாயப்பட்டறை இருக்கிறது. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதும், பாசனத்துக்குக் கட்டிய அணையின் தண்ணீரைப் பாசனக்காரர்களே திறக்காதே என்று சொன்னதும் கொங்கு நாட்டில் எல்லோருக்கும் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாய ஆலைகளையும், துணியை வெளுக்கும் சலவை ஆலைகளையும் மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத ஏற்பாடு செய்தால்தான் திறக்கலாம் என்றது. அந்தக் கழிவில் பெரும் பிரச்சினை உப்பு. பருத்தி இழையில் சாயம் ஏறுவதற்குத் தொட்டியில் கிலோக் கணக்கில் உப்பு கொட்ட வேண்டும். அடர்ந்த நிறம் என்றால் இன்னும் அதிகம்.

இங்கேதான் ரேயான் ஆலையின் ஆறும் சாயப்பட்டறையின் ஆறும் ஒரு துண்டில் சந்திக்கின்றன. மூங்கில் ரேயானுக்கும் அதே சாயம், அதே உப்பு. சித்திக்கு வந்த சாம்பிள் கரும்பச்சை. அதாவது இழை செய்யும்போது ஒரு முறை, சாயம் ஏற்றும்போது ஒரு முறை என்று இரண்டு முறை கழிவு; கூடவே அடியில் 30 விழுக்காடு பருத்தி, அதன் வயல் கணக்கும் சேர்த்து. மூங்கிலா பருத்தியா என்று கேட்பதைவிட, சாயம் போட்டதா போடாததா என்று கேட்டால் கொஞ்சம் உருப்படியான விடை கிடைக்கும் என்று அன்றுதான் எனக்கே தோன்றியது.

கொடியில் காயும்போது

துண்டு பிறந்த கதை இவ்வளவு. அது வாழ்கிற கதை சித்தி வீட்டு மாடியில். மேலைநாட்டு ஆய்வுகளில் துண்டின் சுமையில் பெரும்பங்கு துவைத்து உலர்த்துவதில்தான் என்று வரும். அங்கே மின்சார உலர்த்தி. இங்கே கொடியும் வெயிலும். அந்த முடிவுகளை அப்படியே தூக்கிக்கொண்டு வரக்கூடாது. ஆனால் கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகையில் வெயில் எங்கே இருக்கிறது?

இரண்டு சாம்பிள்களில் ஒன்றையும், ஒரு பழைய பருத்தித் தேங்காய்ப்பூத் துண்டையும், சித்தி தனக்கென்று வைத்திருக்கும் ஈரிழைத் துண்டு ஒன்றையும் ஒன்றாக நனைத்துப் பிழிந்து காலையில் கொடியில் போட்டோம். மதியத்துக்குள் ஈரிழை காய்ந்துவிட்டது. பருத்தித் தேங்காய்ப்பூ சாயங்காலம் ஓரத்தில் மட்டும் சில்லென்றிருந்தது. மூங்கில் துண்டு மறுநாள் காலையிலும் கனமாகத் தொங்கியது. வியப்பில்லை. சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் எட்டு விழுக்காட்டுக்குச் சற்று மேல் ஈரம் வைத்திருக்கும், ரேயான் பதின்மூன்று. நன்றாக உறிஞ்சும் என்று அட்டையில் போட்டிருப்பது சரிதான். உறிஞ்சியதை விடாது என்பதையும் போட்டிருக்கலாம். காயாத துண்டில் வீச்சம் வரும், வீச்சம் வந்தால் மறுபடியும் துவைக்க வேண்டும், சில நாள் வெந்நீரில். கிருமியைக் கொல்லும் துண்டு கடைசியில் போய்ச் சேருகிற இடம் இது.

எடையையும் பார்த்தோம். மூங்கில் துண்டு 75க்கு 150 சென்டிமீட்டர், 500 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 500 கிராம்; மொத்தம் 560 கிராம். அதே அளவு ஈரிழைத் துண்டு சித்தியின் சமையலறைத் தராசில் 170 கிராம். அந்தப் பயமுறுத்தும் 10,000 லிட்டர் கணக்கையே போட்டுப் பார்த்தாலும், கனமான பருத்தித் துண்டுக்கு 5,600 லிட்டர் என்றால் ஈரிழைக்கு 1,700 லிட்டர். எந்தச் செடி என்று மாற்றிக்கொண்டிருப்பதைவிட, எத்தனை கிராம் என்று குறைத்தால் அதிகம் மிச்சம். இதைத் துண்டு விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள், ஜி.எஸ்.எம். கூடினால்தானே விலை கூடும். குளித்துவிட்டு ஈரிழையை இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே வருகிற நம் ஊர் ஆட்கள் இந்தக் கணக்கைப் போட்டதே இல்லை.

"அதெல்லாம் சரி கண்ணு, பெங்களூர்ல இருந்து வர்றவங்களுக்கு ஈரிழையக் கொடுத்தா முகம் சுளிப்பாங்களே" என்றார் சித்தி. நியாயம்தான். விடுதித் துண்டுக்கு ஒரு தோற்றம் வேண்டியிருக்கிறது.

ஆயுளும் கணக்கில் வர வேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை துவைக்கும் விடுதியில் ஈரத்தில் பலம் இழக்கிற இழை சீக்கிரம் பூ உதிரும். வாஷிங் மெஷின் வடிகட்டியில் பஞ்சு சேரும். பருத்தித் துண்டு கிழிந்த பிறகும் சித்தி வீட்டில் அதற்கு நான்கைந்து பிறவி உண்டு: அறையில் இருந்து சமையலறைக்கு, அங்கே கரித்துணி, அப்புறம் தரை துடைக்க, கடைசியில் சித்தப்பாவின் ஜீப்புக்கு. ஈரத்தில் அறுந்துபோகிற துணியால் தரை துடைக்க முடியாது.

முடிவில் வாங்கியது இது. அறைகளுக்கு இரண்டு டஜன் பருத்தித் தேங்காய்ப்பூத் துண்டு, 400 ஜி.எஸ்.எம்., வெள்ளைகூட இல்லாமல் காடா நிறத்தில், சாயமும் சலவையும் போடாதது. புதிதில் தண்ணீரை ஒட்டவிடாது, பருத்தியின் மெழுகு அப்படியே இருக்கும். நான்கைந்து தடவை வெந்நீரில் அலசிய பிறகுதான் அறைக்குப் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். மீதி ஒரு டஜன் ஈரிழை, கைகழுவும் இடத்துக்கும் வெளியே போய் நனைந்து வருகிறவர்களுக்கும். மூங்கில் துண்டுக்குச் சொன்ன விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே ஆனது.

சாம்பிள் துண்டுகளைத் திருப்பி வாங்க விற்பனையாளர் வரவே இல்லை. தை மாதம் போனபோது அதில் ஒன்று சித்தியின் தோளில் கிடந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "முகத்துக்கு மெத்துனு இருக்குது கண்ணு, வெயில் காலத்துல பரவால்ல, காஞ்சுருது" என்றார்.